மைலோமாவும் எக்ஸ்ரே தாளும்

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் இடுப்புவலி தெரியாத வீடு இருக்காது. 1970களில் ஓசூருக்கு சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து இந்த வட்டாரத்தின் உழைப்பு பெரும்பாலும் நின்றுகொண்டே செய்வது, குனிந்து தூக்குவது, ஷிப்டு முடிந்ததும் மேடுபள்ளச் சாலையில் வண்டியோட்டி வீடு திரும்புவது என்று ஆகிவிட்டது. வலி வந்தால் முதலில் தைலம், அப்புறம் மருந்துக்கடை மாத்திரை, அப்புறம் கிளினிக்கில் ஊசி. அதற்கும் அடங்காவிட்டால் எக்ஸ்ரே. எக்ஸ்ரே எடுப்பவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் தசைப்பிடிப்போ ஜவ்வுத் தேய்மானமோதான் காரணம். மிக அரிதாக ஒருவருக்கு, எலும்பு மஜ்ஜைக்குள் வளரும் மல்டிபிள் மைலோமா என்ற புற்றுநோய் காரணமாக இருக்கும். அந்த ஒருவரை எக்ஸ்ரே தாள் காட்டிக்கொடுக்குமா?

காட்டிக்கொடுத்தால் அந்தத் தாளை மதித்து உடனே அடுத்த சோதனைக்குப் போக வேண்டும். காட்டாவிட்டால் அதை நம்பி நிம்மதியடையக் கூடாது. முதல் பாதியை நம் ஊர் மருத்துவ வழக்கம் ஓரளவு கடைப்பிடிக்கிறது. இரண்டாவது பாதியில் தொடர்ந்து தவறுகிறது. அந்தத் தவற்றின் விலையைச் சிறுநீரகத்தாலும் முதுகெலும்பாலும் கொடுக்கிறவர்கள் நோயாளிகள்.

மைலோமா எல்லாப் புற்றுநோய்களிலும் சுமார் நூற்றில் ஒன்று; ரத்தம் சார்ந்த புற்றுநோய்களில் பத்தில் ஒன்று. நம் உடலில் நோயெதிர்ப்புப் புரதங்களைச் செய்கிறவை பிளாஸ்மா செல்கள். அவற்றில் ஒன்று கட்டுமீறிப் பெருகி மஜ்ஜையை நிரப்பிக்கொண்டு, ஒரே வகைப் புரதத்தை ஓயாமல் சுரக்கிறது. ரத்தம் குறைகிறது, சிறுநீரகம் அடைபடுகிறது, எலும்பிலிருந்து கரைந்த கால்சியம் ரத்தத்தில் ஏறுகிறது, எலும்பு உளுத்துப்போகிறது. மேலை நாடுகளில் இது எழுபது வயதை ஒட்டி வரும் நோய். இந்திய மருத்துவமனைகளின் பதிவுகளில் நோயாளிகள் அங்குள்ளவர்களைவிடப் பத்தாண்டுக்கும் மேல் இளையவர்களாக, ஐம்பதுகளிலேயே இருக்கிறார்கள். அதாவது இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிற வயது. முதுகுவலியை வேலையின் தலையில் போட்டுவிட எல்லோருக்கும் வசதியான வயதும் அதுதான்.

எக்ஸ்ரேயில் இந்த நோய் எப்படித் தெரிகிறது, ஏன் அப்படித் தெரிகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதன் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் பிறக்கின்றன. எலும்பு ஓய்ந்து கிடக்கிற கல் அல்ல. பழையதைக் கரைக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே அதில் வேலை செய்கின்றன. மைலோமா செல்கள் கரைப்பவற்றைத் தூண்டிவிட்டு, கட்டுபவற்றை அடக்கிவிடுகின்றன. வேறு பல நோய்களில் எலும்பு கரையும் இடத்தைச் சுற்றிப் புது எலும்பு வெள்ளை விளிம்பாக எழும்பும். மைலோமாவில் அந்த விளிம்பே இருக்காது. துளைக்கருவியால் குத்தி எடுத்ததுபோல வட்டமாக, கறுப்பாக, சுற்றுக்கட்டு இல்லாத ஓட்டைகள். மண்டையோட்டின் பக்கவாட்டுப் படத்தில் அவை சிதறிக் கிடப்பதை மருத்துவ நூல்கள் ‘மழைத்துளி மண்டையோடு’ என்கின்றன. மருத்துவம் படித்த எவரும் அந்தப் படத்தை மறக்க மாட்டார்கள்.

இந்தப் படம் கிடைக்கும்போது அதன் மதிப்பு பெரியது. முதல் காரணம் எளிமை. எந்தச் சிறு மருத்துவமனையிலும், பேருந்து நிலையம் பக்கத்து ஸ்கேன் சென்டரிலும், சில நூறு ரூபாயில், பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். இரண்டாவது, கை கால் நீண்ட எலும்புகளைப் பற்றி எக்ஸ்ரே சொல்வது இன்றும் பயன்படுகிறது. தொடையெலும்பில் ஓட்டை எங்கே இருக்கிறது, எலும்பின் அகலத்தில் எவ்வளவைத் தின்றிருக்கிறது, எடை வைத்தால் வலிக்கிறதா என்பதை வைத்து, அது முறியும் வாய்ப்பைக் கணக்கிட 1989இல் மிரெல்ஸ் ஒரு மதிப்பெண் முறை வகுத்தார். பன்னிரண்டுக்கு ஒன்பதோ அதற்கு மேலோ வந்தால் முறிவதற்கு முன்பே கம்பி வைத்துத் தாங்க வேண்டும் என்பது அதன் வழிகாட்டல். குளியலறையில் சறுக்கித் தொடை முறிந்து படுக்கையில் விழ இருந்த பலரை இந்த எளிய கணக்கு நடக்க வைத்திருக்கிறது.

மூன்றாவது பலம் நம் நாட்டுக்கே உரியது. இந்தியாவில் முதுகெலும்பு இடிந்த படத்தைப் பார்த்ததும் மருத்துவர் மனத்தில் முதலில் எழுவது காசநோய். அப்படி எழுவதில் தவறில்லை. ஆனால் இரண்டும் ஒரே மாதிரி இடிவதில்லை. முதுகெலும்புக் காசநோய் பெரும்பாலும் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டையும் சேர்த்து அழிக்கும், இடைவெளி சுருங்கிவிடும். மைலோமாவில் முள்ளெலும்பு நசுங்கினாலும் நடுத்தட்டு பெரும்பாலும் தப்பிவிடும். கவனமுள்ள கண் ஒரு சாதாரணப் பக்கவாட்டுப் படத்திலேயே இந்த வேறுபாட்டைப் பிடித்துவிடும். காசநோய் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கிய பிறகு மைலோமா என்று தெரியவரும் கொடுமையைத் தவிர்க்க இந்த ஒரு கவனம் போதும். என்றாலும் இது சந்தேகம் எழுப்பும் குறிதான். முடிவு சொல்லும் குறி அல்ல.

இனி மறுபக்கம். எக்ஸ்ரே காட்டுவது புற்றுநோயை அல்ல. புற்றுநோயால் போன கால்சியத்தை. மஜ்ஜை நிறையப் புற்று செல்கள் இருந்தாலும், எலும்பின் தாது இன்னும் கரையவில்லை என்றால் படம் சுத்தமாகவே இருக்கும். ஓர் இடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை தாது கரைந்த பிறகுதான் கண்ணுக்கு ஓட்டை தெரியும் என்பது கதிரியக்கவியலில் நெடுநாளாகச் சொல்லப்படும் அளவு. முள்ளெலும்பில் இது இன்னும் மோசம். அதன் உட்புறம் பஞ்சு போன்ற எலும்பு, வெளியே கெட்டியான ஓடு. உள்ளே கரையான் அரித்த உத்திரம் வெளிப்பூச்சு கெடாமல் நிற்பதுபோல, உட்பகுதி போன பிறகும் ஓடு நின்று, படத்தில் எலும்பு முழுதாகவே தோன்றும். இடுப்புப் பகுதியில் குடல் வாயுவின் நிழல் விழுந்து மறைக்கும். மார்பெலும்பும் தோள்பட்டை எலும்பும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழப்பும்.

அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் 1985 முதல் 1998 வரை புதிதாகக் கண்டறியப்பட்ட 1,027 நோயாளிகளைப் பற்றி ராபர்ட் கைல் குழுவினர் 2003இல் எழுதிய கட்டுரை இத்துறையில் அனைவரும் எடுத்துக்காட்டும் ஒன்று. அதில் சாதாரண எக்ஸ்ரேயில் ஏதாவது ஒரு மாற்றம் தெரிந்தவர்கள் 79 சதவீதம். இதைக் கேட்டதும் நல்ல கணக்காகத்தான் தோன்றும். ஆனால் ஐந்தில் ஒருவருக்கு எலும்புக்கூடு முழுவதையும் படமெடுத்தும் ஒன்றும் தெரியவில்லை. நம் ஊரில் எடுப்பதோ எலும்புக்கூடு முழுவதையும் அல்ல. வலிக்கிற இடுப்பை மட்டும், இரண்டு கோணத்தில். அப்படியானால் தவறவிடும் பங்கு இன்னும் கூடும் என்பதைக் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

2017இல் வந்த ஒரு பன்னாட்டு ஆய்வு நேரடியாக ஒப்பிட்டது. ஹில்லன்காஸ் தலைமையில் எட்டு மையங்கள், சிகிச்சை தொடங்காத 212 பேருக்கு முழு எலும்புக்கூட்டு எக்ஸ்ரேயையும் முழு உடல் சி.டி. ஸ்கேனையும் எடுத்துப் பார்த்தன. எக்ஸ்ரே ஒன்றுமில்லை என்று சொல்லி, சி.டி. எலும்பரிப்பைக் காட்டியவர்கள் 54 பேர். ஏறத்தாழ நான்கில் ஒருவர். பெரும்பாலும் முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும்தான் எக்ஸ்ரே ஏமாந்தது. அதாவது நம் தொழிலாளி வலிக்கிறது என்று கைவைத்துக் காட்டுகிற அதே இடத்தில்.

இன்னொரு பலவீனம் உண்டு. அது இத்தனை வெளிச்சமாகப் பேசப்படுவதில்லை. மைலோமாவின் முதுகெலும்பு பல நேரம் ஓட்டையே காட்டாது. எலும்பு முழுவதும் பொதுவாக வெளிறி, மெலிந்து காணப்படும். ஐம்பது வயதுப் பெண்ணின் படத்தில் இதைப் பார்த்தால் மாதவிடாய் நின்றதால் வந்த எலும்பு மெலிவு என்று எழுதிவிடுவார்கள். கால்சியம் மாத்திரை கொடுப்பார்கள். அவருக்கு மைலோமா இருந்தால் அந்த மாத்திரை எரிகிற வீட்டில் எண்ணெய். ஏற்கெனவே ரத்தத்தில் மிதக்கும் கால்சியத்தோடு இன்னும் சேரும். எலும்பு மெலிவா மைலோமாவா என்று எக்ஸ்ரேயைப் பார்த்துப் பிரிக்க யாராலும் முடியாது. பாடநூலின் மழைத்துளி மண்டையோடு இங்கே தீங்கும் செய்கிறது: நோய் முற்றிய நிலையின் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, அது இல்லாத படத்தைப் பார்த்ததும் நோயில்லை என்று முடிவுகட்டப் பழக்கிவிடுகிறது.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. மண்டையோட்டில் இயல்பாகவே சிறு பள்ளங்கள் உண்டு. ரத்தக்குழாய்கள் தங்கும் குழிகளும் மூளையுறையின் முடிச்சுகள் அழுத்திய இடங்களும் படத்தில் ஓட்டையாகத் தெரியும். மார்பகம், நுரையீரல், தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றிலிருந்து பரவிய புற்றுநோயும் எலும்பில் ஓட்டை போடும். பாராதைராய்டு சுரப்பியின் கோளாறும் போடும். எனவே ஒரு படத்தைத் தூக்கிப் பிடித்து, வராந்தாவில் நிற்கும் மனைவியிடம் “எலும்புக் கேன்சர் மாதிரி இருக்கு” என்று சொல்வது மருத்துவமும் அல்ல, மனிதத்தன்மையும் அல்ல. மஜ்ஜையிலிருந்து ஊசியால் எடுத்த துளியும் துண்டும், ரத்தத்தின் புரதச் சோதனையும் வரும்வரை அது வெறும் சந்தேகம்.

சிகிச்சைக்குப் பிறகு எக்ஸ்ரேயின் பயன் மேலும் சுருங்குகிறது. புற்று செல்கள் அழிந்தாலும் எலும்பு கட்டும் வேலை சட்டென்று திரும்புவதில்லை. ஓட்டைகள் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கலாம். நோய் அடங்கிய பின் எடுத்த படத்தில் பழைய ஓட்டைகளைக் கண்டு, மருந்து கேட்கவில்லை என்று குடும்பங்கள் கலங்கிப்போவதுண்டு. மருத்துவர்கள் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டிய செய்தி இது.

எக்ஸ்ரே தவறினால் ‘போன் ஸ்கேன்’ எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. கதிரியக்க டெக்னீஷியம் செலுத்தி எடுக்கும் அந்த ஸ்கேன் ஒளிர்வது புது எலும்பு உருவாகும் இடத்தில். மைலோமாவில் எலும்பு கட்டும் செல்களே அடங்கிக் கிடப்பதால் அது பல நேரம் ஒளிராது. பரவிய மார்பகப் புற்றுக்குக் கண்ணாக உதவுகிற சோதனை, மைலோமாவுக்குக் குருடு. செலவும் செய்து, ஒன்றுமில்லை என்று இரண்டாவது பொய்ச்சான்றும் வாங்கிக்கொண்டு வருவதில் என்ன பயன்?

உலக மருத்துவம் எக்ஸ்ரேயை எந்த இடத்தில் வைத்திருந்தது, எங்கே இறக்கிவைத்தது என்பதும் கவனிக்கத்தக்கது. 1975இல் டியூரியும் சால்மனும் வகுத்த நோய்நிலை அளவில் எக்ஸ்ரே ஓட்டைகளின் எண்ணிக்கைக்குப் பெரிய இடம் இருந்தது. 2005இல் வந்த பன்னாட்டு நிலை அளவில் எக்ஸ்ரேயே இல்லை; ரத்தத்திலுள்ள இரண்டு புரதங்களின் அளவு போதும் என்றார்கள். 2014இல் பன்னாட்டு மைலோமா பணிக்குழு நோயறியும் விதிகளைத் திருத்தியபோது, எலும்பரிப்பை எக்ஸ்ரே, சி.டி., பெட்-சி.டி. எதில் கண்டாலும் ஏற்கலாம் என்றது. 2019இல் அதே குழு முதல் படமாகக் குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் முழு உடல் சி.டி.யைப் பரிந்துரைத்தது, அதற்கு வழியில்லாத இடங்களில்தான் எக்ஸ்ரே. ஐம்பது ஆண்டுகளுக்குள் நடுநாயகமாக இருந்த கருவி மாற்று ஏற்பாடாகியிருக்கிறது.

ஆனால் இந்தப் பரிந்துரைகள் எல்லாம், மைலோமா என்று சந்தேகம் வந்துவிட்ட நோயாளியைப் பற்றியவை. மூக்கண்டப்பள்ளியின் சிக்கல் அதற்கு முந்திய படியில் இருக்கிறது. இங்கே சந்தேகமே எழுவதில்லை. இதைத் தனியாக நம் ஊரின் குறை என்று சொல்லவும் முடியாது. பிரிட்டனில் 2012இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில், சிறப்பு மருத்துவரிடம் அனுப்பப்படும் முன் மூன்று முறையோ அதற்கு மேலோ குடும்ப மருத்துவரைப் பார்க்க நேர்ந்தவர்கள் எல்லாப் புற்றுநோய்களிலும் மைலோமாவில்தான் அதிகம். பாதிப்பேருக்குச் சற்று மேல். குடும்ப மருத்துவர் என்று ஒருவர் நிலையாக இருக்கிற நாட்டில் இந்தக் கதி. ஒவ்வொரு முறையும் வேறு கிளினிக், வேறு சீட்டு என்று போகிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு மூன்று முறை என்பதை யார் எண்ணிவைத்திருப்பார்கள்? ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்களுக்கு மொழி வேறு தடை. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்குகிற இந்த எல்லைப் பகுதியிலும், வலி ராத்திரியில் கூடுகிறதா என்ற ஒரு கேள்வியை இந்தியில் கேட்டுத் தெளிந்துகொள்ள நேரம் ஒதுக்குகிற கிளினிக்குகள் குறைவு.

எக்ஸ்ரேக்கு எழுதப்படும் சீட்டைப் பாருங்கள். ‘இடுப்பு முதுகெலும்பு, இரண்டு கோணம்’ என்று மட்டுமே இருக்கும். நோயாளிக்கு எத்தனை வயது, வலி எத்தனை வாரமாக, ரத்தம் குறைந்திருக்கிறதா, எடை குறைந்ததா என்ற எதுவும் இருக்காது. படத்தைப் பார்த்து அறிக்கை எழுதும் கதிரியக்க மருத்துவர் நோயாளியைப் பார்ப்பதே இல்லை. பல இடங்களில் அவர் வேறு ஊரில் கணினி முன் இருக்கிறார். சிறு எலும்பு முளைகளைக் கண்டு ‘தேய்மான மாற்றங்கள்’ என்று எழுதுவார். நாற்பது தாண்டிய யாருக்கும் அந்த மாற்றங்கள் இருக்கும் என்பதால் அந்த அறிக்கை பொய்யாகாது. ஆனால் வலியின் காரணத்தையும் சொல்லியிருக்காது. இன்னும் ஒரு வழக்கம் பரவிவிட்டது: எக்ஸ்ரே தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கைப்பேசியில் படமெடுத்து, தெரிந்த டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, “பெரிசா ஒண்ணுமில்ல” என்று பதில் வாங்குவது. எலும்பின் அடர்த்தியில் உள்ள நுண்ணிய வெளிறலைத்தான் தேட வேண்டும். கைப்பேசிப் படத்தில் முதலில் காணாமல் போவதே அதுதான். முறிவு இருக்கிறதா என்று பார்க்க இது உதவலாம். மைலோமா இல்லை என்று சொல்ல உதவாது.

அந்தப் பதிலுக்குப் பிறகு நடப்பதுதான் உண்மையான ஆபத்து. படத்தில் ஒன்றுமில்லை என்றதும் வலிமாத்திரை தொடர்கிறது. டைக்ளோஃபெனாக் ஊசியும் மாத்திரையும் இந்த வட்டாரத்தில் காபித்தூள்போல் புழங்குபவை. மைலோமா சுரக்கும் புரதத்தின் துண்டுகள் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் ஏற்கெனவே அடைத்துக்கொண்டிருக்கும். அந்த வகை வலிமருந்து சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைத்தால் இரண்டும் சேர்ந்து அதைச் செயலிழக்க வைக்கும். வெயில்நாளில் உலைக்களத்தில் தண்ணீர் குடிக்காமல் வேலைசெய்பவருக்கு இது இன்னும் விரைவு. முதுகுவலிக்காரராகத் தொடங்கியவர் டயாலிசிஸ் பிரிவில் மைலோமா நோயாளியாக அடையாளம் காணப்படுவது சிறுநீரக மருத்துவர்களுக்குப் பழகிய கதை. இதே காலத்தில் எலும்பு முறிந்தால், எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திரத்திலுள்ள புத்தூருக்குக் கட்டுப்போடப் போகிறவர்களும் உண்டு. கட்டு கைமுறிவைச் சேர்க்கலாம். ஆனால் சிறு அசைவில் எலும்பு ஏன் முறிந்தது என்ற கேள்வியை யாராவது கேட்டாக வேண்டும்.

இங்கே எனக்குப் பெரிதாகப் படும் இன்னொரு வீணடிப்பு, தொழிற்சாலைகளின் நெஞ்சு எக்ஸ்ரே. வேலையில் சேரும்போது நெஞ்சுப் படம் கேட்பது பல நிறுவனங்களில் வழக்கம். ஆபத்தான வேலைமுறைகள் உள்ள ஆலைகளில் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 41சி பிரிவு விதித்தது. கிருஷ்ணகிரியின் கிரானைட் வேலையில் சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுப்பதால் அங்கே நெஞ்சுப் படத்துக்குத் தனிக் காரணமும் உண்டு. ஆக, இந்த மாவட்டத்தில் ஏராளமான நெஞ்சுப் படங்கள் எடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் விலா எலும்பும், காறை எலும்பும், தோள்பட்டையும், புயத்தின் மேற்பகுதியும், நெஞ்சு முதுகெலும்பும் இருக்கின்றன. மைலோமா விரும்பித் தங்குகிற எலும்புகள் இவை. பார்ப்பவர்கள் நுரையீரலை மட்டும் பார்த்துக் காசநோய் இல்லை என்று கையெழுத்திட்டுவிடுகிறார்கள். ஒரு விலா எலும்பு பாதியில் கரைந்திருப்பது படத்தின் ஓரத்தில் கிடக்கும். ‘எலும்புகள் பார்க்கப்பட்டன’ என்று ஒரு வரியை அறிக்கைப் படிவத்தில் கட்டாயமாக்கினால் கூடுதல் கதிர்வீச்சும் இல்லை, கூடுதல் செலவும் இல்லை. சேரும்போது எடுத்த பழைய படத்தைத் தொழிலாளியின் கையிலேயே கொடுத்துவைத்தால், பின்னாளில் புதிய படத்தோடு வைத்து ஒப்பிடலாம். தனித்துப் பார்த்தால் புலப்படாத மெலிவு ஒப்பிட்டால் புலப்படும். ஒப்பந்த நிறுவனம் மாறும்போதெல்லாம் தொழிலாளியின் மருத்துவ வரலாறும் அழிந்துபோவது இந்தத் தொழிற்பேட்டையின் பெரிய குறைகளில் ஒன்று.

ஆலைப் புகையால்தானே இந்த நோய் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பென்சீனுக்கும் மைலோமாவுக்கும், விவசாய வேலையில் சேரும் சில பூச்சிமருந்துகளுக்கும் மைலோமாவின் முன்நிலைக்கும் தொடர்பு காட்டும் ஆய்வுகள் உண்டு. ஓசூர், பாகலூர், தளிப் பக்கத்துப் பசுமைக்குடில் ரோஜாத் தோட்டங்களில் மருந்தடிப்பவர்களுக்கு அதனால் கவலை வருவது இயல்பு. ஆனால் ஒருவருக்கு ஏன் வந்தது என்பதை எந்த எக்ஸ்ரேயும் சொல்லாது. பாதுகாப்புக் கவசம் கேட்கும் போராட்டத்தை அதற்கான ஆதாரங்களோடுதான் நடத்த வேண்டும்.

எக்ஸ்ரேயை நம்ப முடியாதென்றால் முதுகுவலி என்று வரும் எல்லோரையும் சி.டி.க்குள் தள்ளலாமா? கூடாது. முழு எலும்புக்கூட்டு எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு சுமார் இரண்டு மில்லிசீவர்ட் என்றால், குறைந்த கதிர்வீச்சு முழு உடல் சி.டி. நான்கைந்து. நோயாளிக்கு இது ஏற்கத்தக்க அளவு. நோயில்லாத ஆயிரம் பேருக்குத் தேவையில்லாத சுமை. காத்திருக்கும் வரிசையும் தாங்காது. வழி வேறு இருக்கிறது. அது மிகப் பழையது.

1845ஆம் ஆண்டு லண்டனில் தாமஸ் அலெக்சாண்டர் மெக்பீன் என்ற மளிகை வணிகர் தாங்க முடியாத எலும்பு வலியோடு படுத்திருந்தார். அவருடைய சிறுநீரைச் சூடாக்கினால் வெண்மையாகத் திரள்வதும், கொதிக்கவிட்டால் கரைந்துபோவதும், ஆறினால் மறுபடி திரள்வதுமாக விநோதம் காட்டியது. மருத்துவர்கள் அதை ஹென்றி பென்ஸ் ஜோன்சுக்கு அனுப்பினார்கள். அவர் பெயரால் இன்றும் வழங்கும் அந்தப் புரதம் மைலோமாவின் முத்திரை. 1846 தொடக்கத்தில் மெக்பீன் இறந்தபின் பார்த்தபோது அவர் விலா எலும்புகள் கத்தியால் அறுக்கும் அளவுக்கு மென்மையாகியிருந்தன. ரோன்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டறிந்தது 1895 நவம்பரில். அதற்கு ஐம்பது ஆண்டுகள் முன்பே இந்த நோயை ஒரு குடுவைச் சிறுநீர் காட்டிக்கொடுத்துவிட்டது. படத்தில் மயங்கிய நாம் அந்தப் பாடத்தை விட்டுவிட்டோம். லேப்களில் சிறுநீரில் நனைக்கும் பட்டைக்குச்சி ஆல்புமினைத்தான் நன்றாகக் காட்டும். இந்தப் புரதத்தைத் தவறவிடும். அதனால் பட்டைக்குச்சியில் புரதம் இல்லை என்று வந்ததையும் முடிவாகக் கொள்ளக் கூடாது.

மேயோ கணக்குக்கே திரும்பினால், கண்டறியப்பட்ட நாளில் ரத்தசோகை இருந்தவர்கள் 73 சதவீதம். நாற்பத்தைந்து வயது தாண்டியவருக்கு ஆறு வாரமாகியும் வலி விடவில்லை, படுத்தாலும் புரண்டாலும் வலிக்கிறது, முகம் வெளுத்திருக்கிறது, அடிக்கடி சளிக்காய்ச்சல், தாகமும் மலச்சிக்கலும், உயரம் குறைந்ததுபோல் இருக்கிறது என்றால், எக்ஸ்ரேயோடு ஒரே நாளில் ஹீமோகுளோபின், ஈ.எஸ்.ஆர்., கிரியேட்டினின், கால்சியம், மொத்தப் புரதமும் ஆல்புமினும் பார்க்கலாம். இவற்றை ஊர் லேப்பிலேயே செய்யலாம். எல்லாம் சேர்ந்தும் எளிய செலவுதான். ஹீமோகுளோபின் குறைந்து, ஈ.எஸ்.ஆர். நூறை ஒட்டி, மொத்தப் புரதம் கூடி ஆல்புமின் குறைந்திருந்தால், எக்ஸ்ரே எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்து, ரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டும் சீரம் எலக்ட்ரோஃபோரிசிஸ் கேட்க வேண்டும். அதிலும் பிடிபடாத வகை உண்டு. புரதத்தின் சிறு துண்டை மட்டும் சுரக்கும் மைலோமாவுக்கு ‘ஃப்ரீ லைட் செயின்’ சோதனை தேவைப்படும். அது விலை கூடியது, எல்லோருக்கும் வேண்டியதில்லை. மேற்சொன்ன எளிய சோதனைகள் விரல் நீட்டுகிறவருக்கு மட்டும் போதும்.

ரத்தத்தில் மைலோமாவின் ஒற்றைவகைப் புரதம் சிறிதளவு இருப்பதாலேயே புற்றுநோய் என்றும் ஆகிவிடாது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட வெள்ளை அமெரிக்கர்களில் நூற்றில் மூன்று பேருக்கு அது இருப்பதாகக் கைல் குழுவினரே 2006இல் காட்டினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. எனவே படமும் ரத்தமும் மஜ்ஜையும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டிய நோய் இது.

இந்தச் சோதனைகளால் சந்தேகம் வலுத்தபின் சி.டி.க்குத் தயங்கக் கூடாது. இதற்குத் தனிக் கருவி வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டபின் மாவட்டத்துக்குள்ளேயே வழி கூடியிருக்கிறது. இருக்கிற சி.டி. கருவியிலேயே கதிர்வீச்சைக் குறைத்து, தலையிலிருந்து முழங்கால் வரை, கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றாமல் எடுக்கலாம். கான்ட்ராஸ்ட் இல்லாதது சிறுநீரகத்துக்கு நல்லது. முதுகெலும்பு இடிந்த நோயாளியை எக்ஸ்ரே மேசையில் பத்துப் பதினைந்து கோணத்துக்குப் புரட்டுவது சித்திரவதை, சி.டி.யில் அவர் மல்லாந்து படுத்திருந்தால் போதும். வேண்டியது அந்த அமைப்பைப் பழகிய டெக்னீஷியனும், நோயின் பெயரைச் சீட்டில் எழுதி அனுப்பும் மருத்துவரும். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் நின்றாலோ மட்டும் எதற்கும் காத்திருக்கக் கூடாது. முதுகுத்தண்டு நசுங்கும் அறிகுறி அது, அன்றைக்கே எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும்.

அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் பெங்களூரு. 1973இல் தொடங்கிய கித்வாய் புற்றுநோய் நிலையம் அங்கே இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. 1986இலேயே மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைத் தொடங்கியது. மேயோ நோயாளிகளின் காலத்தில் பாதிப்பேர் மூன்று ஆண்டுகூடத் தாண்டவில்லை. பிறகு வந்த போர்டெசோமிப், லெனலிடோமைட் போன்ற மருந்துகள் அந்தக் கணக்கை மாற்றிவிட்டன. இந்திய நிறுவனங்களே அவற்றைத் தயாரிப்பதால் விலையும் இறங்கியது. சிறுநீரகம் கெடாமல் வந்து சேர்பவருக்கு இன்று பல ஆண்டு வேலைக்குப் போகும் வாழ்க்கை சாத்தியம். சிகிச்சை இவ்வளவு தூரம் வந்தபின், ஒரு படத்தின் பெயரால் ஆறு மாதத்தை இழப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுவருவதோடு, வீடு தேடி வந்து இயன்முறைச் சிகிச்சையும் தருகிறார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டும் வலி தீராமல் கிடப்பவரை வீட்டுக்கே வந்து பார்ப்பவர்கள் அவர்கள். அவர்களுடைய பதிவேட்டில் முதுகுவலிக்காரருக்கென்று மூன்று கட்டங்கள் சேர்க்கலாம்: வலி எத்தனை வாரம், கடைசியாகப் பார்த்த ஹீமோகுளோபின் எவ்வளவு, கிரியேட்டினின் எவ்வளவு. ஆறு வாரம் கடந்தும் இரண்டாவது, மூன்றாவது கட்டங்கள் காலியாக இருந்தால், புது எக்ஸ்ரேக்கு அல்ல, ரத்தச் சோதனைக்குச் சீட்டு எழுதும் பொறுப்பை வட்டார மருத்துவ அலுவலரிடம் கொடுக்க வேண்டும்.